தையலைப் பிரித்துக் காட்டுங்கள்: பாலாற்றங்கரைப் பஞ்சு மெத்தைக் கடைகளிடம் மக்கள் கேட்பது என்ன?

அரிசிக் கடையில் ஒரு கை அள்ளிப் பார்க்கலாம். புடவைக் கடையில் மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். ஆம்பூர்ப் பக்கத்து ஆள் செருப்பு வாங்கினால் திருப்பி மோந்து பார்த்தே இது தோலா ரெக்சினா என்று சொல்லிவிடுவார். மெத்தை, தலையணை, பஞ்சுப் போர்வையான ரஜாய் மூன்றிலும் இதற்கு வழியில்லை. நான்கு பக்கமும் தைத்து மூடிய பண்டம் அது. காசு கொடுப்பது உள்ளே இருக்கும் பஞ்சுக்கு, கண்ணில் படுவது மேலே இருக்கும் துணி. உள்ளூர் மெத்தைக் கடையிடம் மக்கள் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்டால் விலை, அளவு, துணி, தேதி, தவணை என்று பல பதில்கள் வரும். கேட்கக் கேட்க அத்தனைக்கும் அடியில் ஒரே கவலைதான் ஓடுகிறது என்பது என் எண்ணம்: உள்ளே இருப்பதற்கு யார் பொறுப்பு?

மாதனூர், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டிய ஒன்றியத் தலைமையூர். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. கடைத்தெருப் பழக்கம் மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை. கல்யாணச் சாமானுக்கு ஆம்பூர் அல்லது வேலூர், ஆற்றைத் தாண்டினால் குடியாத்தம், அவசரத்துக்கு உள்ளூர். தமிழும் உருதும் தெலுங்கும் புழங்கும் இந்தப் பகுதியில் படுக்கையும் பலவிதம். வந்தவாசிக் கோரைப் பாயும் ஜமக்காளமும் எல்லார் வீட்டிலும் உண்டு. உருது பேசும் வீடுகளில் ரஜாயும் தோஷக் எனும் தடித்த மெத்தையும் வழிவழியாக வந்தவை. தெலுங்கு வீடுகளில் பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட பொந்த. சாதாரண வீடுகளில் கட்டில் பரவியது பிற்பாடுதான். கட்டில் வந்ததும் மெத்தை வந்தது. கட்டில், மெத்தை, பீரோ என்று ஒரே மூச்சில் சொல்லும் சீர்ச் சாமானும் ஆயிற்று.

இந்தக் கடைகளுக்கு வருகிறவர்களில் கணிசமானோர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களும் அவர்கள் வீட்டாரும். மற்ற ஊர் மெத்தைக் கடைக்காரருக்கு இல்லாத சோதனை இது. பகல் முழுக்க மிஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிற கை, மெத்தையின் ஓரத்தில் விரலை ஓட்டிய உடனே தையல் நெருக்கமா, அகலமா, நூல் இரட்டையா, ஒற்றையா என்று சொல்லிவிடும். வெளித் தையலில் அவர்களை ஏமாற்ற முடியாது. அதனால்தான் அவர்கள் கேள்வி நேரே உள்ளே போகிறது.

"இன்னா பஞ்சு பாய் இது?"

"இலவம் பஞ்சும்மா. போடிச் சரக்கு."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. ஒரு மூலைய பிரிச்சிக் காட்டுங்க."

கடைக்காரர் பிரித்துக் காட்டுகிறாரா, "நம்பிக்கை இல்லாம வாங்காதீங்கம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா என்பதில்தான் இந்தத் தொழிலின் பாதிக் கதை இருக்கிறது.

போடிச் சரக்கு என்று சொல்வதில் பொருள் உண்டு. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் ஏலக்காய்க்குப் பெயர்பெற்றதைப் போலவே இலவம் பஞ்சு வியாபாரத்துக்கும் மெத்தை தலையணைத் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து இலவ மரங்களில் மாசி முதல் சித்திரை வரை காய் முற்றி வெடிக்கும். காயை உடைத்து விதை நீக்கிய பஞ்சு அங்கிருந்து மாநிலம் முழுக்கப் போகிறது. பருத்தி இழைக்கும் இதற்கும் இயல்பிலேயே வேறுபாடு. இலவ இழை உள்ளே குழலாக இருக்கும். அதனால் எடை மிகக் குறைவு. மேலே மெழுகுப் பூச்சு உண்டு. அதனால் தண்ணீர் சட்டென்று ஏறாது. வழுக்கும், சீக்கிரம் முறியும். அதனால் தனியாக நூற்க வராது. நூலுக்கு உதவாத பஞ்சு என்பதாலேயே தலையணைக்குள் இடம்பிடித்தது. கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அடைத்ததும் இதே பஞ்சைத்தான். இரண்டாம் உலகப் போரில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போய், உலகச் சந்தைக்கு வந்துகொண்டிருந்த ஜாவா இலவம் பஞ்சு நின்றுபோனபோது, அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை விட்டு நம் எருக்குக்கு உறவான ஒரு செடியின் காய்களைப் பொறுக்கச் சொல்லி அந்தப் பஞ்சை அங்கிகளில் அடைத்தார்கள். நம் தலையணைக்குள் கிடப்பது அத்தனை தேடப்பட்ட பொருள்.

விலையும் அதற்கேற்றபடிதான். கலப்படம் அங்கேதான் தொடங்குகிறது. நூற்பாலைக் கழிவுப் பஞ்சு, திருப்பூர்ப் பனியன் துணியைக் கிழித்து எடுத்த பல நிறக் கழிவு, ரெக்ரான் எனப்படும் பாலியெஸ்டர் இழை, துண்டு ஃபோம் இவையெல்லாம் இலவத்தைவிட மலிவு. ஒவ்வொன்றுக்கும் நியாயமான இடம் உண்டு. பனியன் கழிவு மெத்தை கனமாக இருக்கும், சீக்கிரம் இறுகும். ஆனாலும் தரைச் சில்லிப்பிலிருந்து தப்ப மலிவாக ஏதாவது வேண்டும் என்கிற குடும்பத்துக்கு அது போதும். ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றைக் கொடுப்பதுதான் குற்றம். மேலே ஒரு விரற்கடை இலவம், நடுவில் கழிவு என்று அடைத்த மெத்தை கடையில் அமுக்கிப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் இடுப்பு படும் இடம் பள்ளமாகி, ஓரம் மேடாகும்.

வாங்குகிறவர் தாமே பார்த்துக்கொள்ள எளிய வழிகள் இருக்கின்றன. ஒரு சிட்டிகை பஞ்சை டம்ளர் தண்ணீரில் போட்டால் இலவம் வெகுநேரம் மிதக்கும். வெளுத்த பருத்திக் கழிவு நனைந்து அமிழும். இரண்டு விரலுக்கு நடுவில் திரித்தால் பருத்தி திரியாக நிற்கும். இலவம் திரியாமல் வழுக்கிப் பிரியும். நெருப்பில் காட்டினால் பஞ்சு குபீரென்று எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகி மணியாக நிற்கும். இலவத்தின் நிறம் பால்வெள்ளை இல்லை, லேசான சந்தனப் பழுப்பும் பட்டுப்போன்ற மினுமினுப்பும் கலந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்பு விதை கிடந்தால் பயப்பட வேண்டாம், அது இலவம் என்பதற்கு அடையாளம்தான். அளவுக்கு மீறி விதை இருந்தால் எடைக்குக் காசு போகிறது என்று பொருள். ஒரு டம்ளர் தண்ணீரைக் கல்லாப் பெட்டி பக்கத்தில் எப்போதும் வைத்திருக்கும் கடை எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. வைத்தால் அதைவிட நல்ல விளம்பரம் வேண்டியதில்லை.

எடை அடுத்த வழக்கு. தலையணைக்கு எத்தனை, மெத்தைக்கு எத்தனை கிலோ போடுவீர்கள் என்று கேட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். இளையவர்கள் உயரத்தைக் கேட்கிறார்கள்: நாலு அங்குலமா, ஆறு அங்குலமா? இது பிராண்டு மெத்தைக் கடைகள் பழக்கிவிட்ட பேச்சு. ஃபோமுக்கு உயரம் சரியான அளவுகோல். பஞ்சுக்கு எடைதான் அளவுகோல், ஏனென்றால் அடித்து உப்ப வைத்த பஞ்சு முதல் நாள் எந்த உயரத்திலும் நிற்கும். பெரியவர்கள் கேட்பதே சரி. பஞ்சை வாடிக்கையாளர் கண்முன் தராசில் போட்டு, அவர் எதிரிலேயே உறைக்குள் அடைக்கும் கடைகளுக்குத்தான் மறுபடி ஆள் வருகிறது.

அளவு விஷயத்தில் உள்ளூர்க் கடையை யாரும் அசைக்க முடியாது. ஊர்த் தச்சர் செய்த கட்டில் எந்தப் பட்டியலிலும் அடங்காது. பழைய தேக்குக் கட்டில் ஒன்று ஆறடிக்கு மூன்றே முக்காலாக இருக்கும், இன்னொன்றின் தலைமாடு வளைந்திருக்கும். கம்பெனி மெத்தை வாங்கினால் ஓரம் தொங்கும், அல்லது சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி விடும். பஞ்சுக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து டேப் பிடித்து அளந்து போவார். உடம்புக்கும் அளவெடுப்பது உண்டு. கழுத்து வலிக்காரருக்குத் தாழ்ந்த தலையணை, மூச்சு இரைப்பவருக்கு உயர்ந்தது, கால் வீங்கும் தாத்தாவுக்குக் கால்மாட்டில் போட நீளத் திண்டு.

கல்யாண வீட்டார் வேண்டுவது வேறு. அவர்களுக்கு முதலில் வேண்டியது தேதி. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களும் ரம்ஜான் முடிந்து வரும் நிக்காஹ்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, நாள் தவறாமல் மெத்தை வந்து இறங்குமா என்ற பயத்தில் பெண்ணின் அப்பா தினமும் கடையில் வந்து நிற்பார். இரண்டாவது, பார்வை. சீர்ச் சாமான் பத்துப் பேர் தொட்டுப் பார்க்கும் பொருள். அதனால் வெல்வெட்டும் சாட்டினும், மெரூன் நிறமும் தங்கக் கரையும். படுப்பதற்கு இந்தத் துணி உதவாது என்று கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். வழுக்கும், வியர்க்கும். கோடுபோட்ட கெட்டிப் பருத்தி மெத்தைத் துணிதான் உழைக்கும். சில கடைகளில் உள்ளுறை பருத்தியிலும் மேலுறை வெல்வெட்டிலும் ஜிப் வைத்துத் தைத்துக் கொடுக்கிறார்கள். கல்யாணம் முடிந்ததும் மேலுறையைக் கழற்றி வைத்துவிடலாம். ஜிப் இருப்பதால் உள்ளே பார்க்கவும் வழி கிடைக்கிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்கி மெத்தை வாங்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் வாங்குவதென்று ஆனபின், அந்தப் பெண் இருபது வருஷம் படுக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

இருபது வருஷம் என்பது மிகைச்சொல் இல்லை, ஒரு நிபந்தனையோடு. பஞ்சு மெத்தை நாள்படக் கட்டி தட்டும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து, அடித்து, குறைந்ததற்குப் புதுப் பஞ்சு சேர்த்து, புது உறையில் அடைத்துத் தைத்தால் அது மறுபடி புது மெத்தை. ஃபோமை இப்படிச் செய்ய முடியாது. உள்வாங்கிய ஃபோம் குப்பைமேட்டுக்குத்தான். பஞ்சு மெத்தைக் கடையின் உயிர் விற்பனையில் இருப்பதைவிட இந்த மறுவேலையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் பேச்சைக் கவனித்தாலும் அது தெரிகிறது. புது மெத்தைக்கு விலை பேசுகிறவர் நாலு கடை ஏறி இறங்குவார். பழைய மெத்தையை அடிக்கக் கொடுக்கிறவர் நம்பிய ஒரே கடைக்குத்தான் போவார்.

ஏனென்றால் அங்கே பயம் அதிகம். என் பஞ்சு எனக்கே திரும்பி வருமா? அம்மா வீட்டிலிருந்து வந்த நல்ல இலவத்தை எடுத்துக்கொண்டு கழிவை அடைத்துவிட்டால்? அடிக்கக் கொடுத்த பெண்கள் கடைவாசலில் கூடை நாற்காலி போட்டு உட்கார்ந்து, உறை பிரிப்பதிலிருந்து கடைசி முடிச்சு வரை பார்த்துவிட்டுப் போவதும் உண்டு. மூட்டைப்பூச்சி இருந்த இன்னொரு வீட்டு மெத்தையோடு நம்முடையது கலந்துவிடுமோ என்பது இரண்டாவது பயம். நியாயமான பயமும் கூட. ஒரு வீட்டுப் பஞ்சை அடித்து முடித்து மிஷினைத் துடைத்த பிறகே அடுத்த வீட்டு மூட்டையைப் பிரிப்பது என்ற சின்ன ஒழுங்கு, எந்த போர்டையும்விட அதிகமாக ஆள் கூட்டும்.

பஞ்சு அடிப்பது பழந்தொழில். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெருந்தொகுப்பு, பஞ்சு அடித்துச் சுத்தம் செய்யும் தூதேகுல முஸ்லிம்களைப் பற்றிச் சொல்லுமிடத்தில் அவர்களுக்குத் தமிழில் பஞ்சுக்கொட்டி என்ற பெயரையும் பதிவு செய்கிறது. ஆளுயர வில்லில் நரம்பு பூட்டி, மரக்கட்டையால் அந்த நரம்பைத் தட்டத் தட்ட, அதிர்வில் பஞ்சு இழை இழையாகப் பிரிந்து பறக்கும். அந்த ஓசையைத் தெருவில் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது முள் உருளை வைத்த மோட்டார் மிஷின். வேகம் பல மடங்கு. ஆனால் இழையை முறிக்கிறது என்று பழைய கைகள் குறை சொல்கின்றன; முறியும் இயல்புள்ள இலவத்துக்கு அது இன்னும் பொருந்தும். சின்ன வேனில் மிஷினை ஏற்றிக்கொண்டு ஒலிபெருக்கியில் கூவியபடி தெருத்தெருவாக வருகிறவர்களும் உண்டு. வாசலிலேயே அடித்துத் தருவதால் பஞ்சு மாறாது. ஆனால் அடுத்த மாதம் தையல் விட்டால் அந்த வேனை எங்கே தேடுவது? கடை என்ற ஒன்று அதே இடத்தில் இருக்கிறது என்பதே வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கும் பொருள்களில் ஒன்று.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டு, மாதனூரிலிருந்து குடியாத்தம் போகும் தரைப்பாலம் சேதமானது பலருக்கு நினைவிருக்கும். ஆற்றோரத் தாழ்வான வீடுகளில் தண்ணீர் புகும்போதெல்லாம் முதலில் பாழாவது படுக்கைதான். நனைந்த மெத்தையை அப்படியே வெயிலில் போட்டால் மேலே காய்ந்து உள்ளே பூசணம் பிடிக்கும். உடனே பிரித்துப் பஞ்சைப் பரப்பிக் காயவைக்க வேண்டும். சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறியது என்றால் எந்தப் பஞ்சாக இருந்தாலும் கழித்துவிடுவதே நல்லது. "இத காய வச்சா ஆவாதாண்ணா?" என்று கேட்டு வருகிறவரிடம் ஆகாது என்று சொல்ல மனம் வராதுதான். சொல்ல வேண்டும்.

இனி சூடு. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்ப் பகுதியில் ஃபோம் மெத்தை மேல் வரும் முதல் புகார் அதுதான்: முதுகு கொதிக்கிறது. திருப்பாவையின் 19-ஆம் பாட்டில் வரும் படுக்கைக்கு வைணவ உரைகாரர்கள் ஐந்து குணம் சொல்வார்கள்: அழகு, குளிர்ச்சி, மென்மை, மணம், வெண்மை. மார்கழிப் பாட்டுக்கு உரை எழுதும்போதும் குளிர்ச்சியை விடாதவர்கள் இந்த மண்ணின் வெயில் தெரிந்தவர்கள். இழைகளுக்கு நடுவில் காற்று புழங்குவதால் பஞ்சில் வியர்வை தேங்குவது குறைவு. இது உண்மை. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, இலவம் பஞ்சு மெத்தை மூலச் சூட்டைத் தணிக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்று போர்டு எழுதி வைப்பது தவறு. காற்றோட்டமான படுக்கை நல்ல தூக்கம் தரும், அவ்வளவுதான். அதற்குமேல் சொல்லாமலே விற்கத் தகுந்த பொருள் இது.

இடுப்பு வலிக்காரர்கள் தனிக் கூட்டம். நாளெல்லாம் குனிந்தே உட்கார்ந்து தைக்கும் பெண்களுக்கு முப்பது வயதிலேயே இந்த வலி வருகிறது. கெட்டியான மெத்தைதான் இடுப்புக்கு நல்லது என்பது ஊரறிந்த நம்பிக்கை. தேங்காய் நார் மெத்தையும் 'ஆர்த்தோ' என்ற சொல்லும் அதை வைத்தே பெருவாரியாக விற்றன. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு வேறு சொல்கிறது. நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேருக்குக் கெட்டி மெத்தையும் நடுத்தரக் கெட்டி மெத்தையும் பிரித்துக் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்ததில், நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. நெருக்கமாக அடைத்து, கோணி ஊசியால் இடைவெளி விடாமல் முடிச்சுப் போட்ட பஞ்சு மெத்தை இந்த நடுத்தரத்துக்கு அருகில் வரும். தொளதொளவென்று அடைத்தது வராது. ஆகவே முடிச்சு எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று கேட்பது நல்ல கேள்வி. தையல்காரப் பெண்கள் அதைச் சரியாகவே கேட்கிறார்கள்.

வாடிக்கையாளர் கேட்டாலும் கடைக்காரர் கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு: கைக்குழந்தைக்குப் புசுபுசு மெத்தையும் தலையணையும் கனத்த ரஜாயும். சீமந்தம் முடிந்து பிள்ளைப்பேறு நெருங்கும்போது ஆசையாக வாங்கும் சாமான்கள் இவை. தலை உருண்டையாக வேண்டுமென்று கடுகுத் தலையணையும் சேர்ந்துகொள்ளும். 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. பிறகு, ஒரு வயது வரை மெத்தென்ற படுக்கை, தலையணை, தளர்ந்த போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம் என்றும் சேர்த்தது. மூக்கு புதைந்தால் குழந்தையால் திரும்ப முடியாது. ஒரு விற்பனை போனால் போகட்டும் என்று இதை எடுத்துச் சொல்லும் கடைக்காரர்கள் பெருக வேண்டும்.

ரஜாய்க்கு வருவோம். மார்கழி, தை மாதங்களில்தான் அது பெட்டியை விட்டு வெளியே வரும் என்பது பழைய கணக்கு. இப்போது ரஜாய் சித்திரையிலும் விற்கிறது. ஏ.சி. வந்த வீட்டில் வெளியே வெயில் கொளுத்த, உள்ளே போர்த்திக்கொண்டு படுக்கிறார்கள். ஏ.சி.க்கு ஏற்ற ரஜாய் மெல்லியதாக, துவைக்கத் தக்கதாக வேண்டும். அதற்கு இலவம் சரிவராது, துவைத்தால் கட்டியாகும். நெருக்கமாகக் குறுக்குத்தையல் போட்ட மெல்லிய பருத்தியோ பாலியெஸ்டர் இழையோதான் பொருந்தும். 1,100 மீட்டர் உயரத்து ஏலகிரி விடுதிகளுக்குக் கனமானது தேவை. வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்களை நம்பி நிற்கும் லாட்ஜுகளுக்கு வேண்டியது மலிவு, கழற்றித் துவைக்கும் உறை, வருஷா வருஷம் மாற்றும் வசதி. கடை ஒன்று, ரஜாய் மூன்று. இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாத கடை மூவரையும் இழக்கும்.

பழம்புடவையில் ரஜாய் தைத்துத் தர முடியுமா என்ற கேள்வியும் இருக்கிறது, மெதுவான குரலில். அம்மா இறந்தபின் அவர் கட்டிய நூல் புடவைகளைத் தூக்கிப்போட மனமில்லாத மகள்கள் கேட்கிறார்கள். பொந்த தைத்த பாட்டிகள் போய்விட்டார்கள். அந்தக் கைவேலை அறிந்தவர்கள் குறைவு. வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் இன்றும் பழந்துணி ஒட்டுப்போர்வைகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்து, மூலைகளில் துணிப்பூ வைத்து முடிக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் வயல்வேலைக்குப் போட்டுத் தேய்ந்த உடுப்புகளைத் துண்டு போட்டுத் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006-இல் தபால்தலைகளாகவும் வந்தன. அந்த நாட்டில் ஒட்டுப்போர்வைக் கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் முடிந்த போர்வையை வாங்குவதில்லை. துணியும் நூலும் வாங்கி, தைக்கக் கற்றுக்கொண்டு போகிறார். ஆம்பூர் வட்டாரத்தில் தையல் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமே இல்லை. கம்பெனி வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் பெண்களிடம் ஒரு கடை இந்த வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், தைக்கிறவர்களும் இருக்கிறார்கள், நடுவில் ஒரு கடை வேண்டும்.

போட்டி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2016-இல் பெங்களூரில் தொடங்கிய வேக்ஃபிட் மெத்தை நிறுவனம் 100 இரவு படுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்கிறது. ஸ்லீப்வெல் நிறுவனத்தார் 2023-இல் இன்னொரு மெத்தை நிறுவனமான குர்லானையே வாங்கினார்கள். இத்தனை பெரிய நிறுவனங்கள் கொடுப்பது உத்தரவாதச் சீட்டு. உள்ளூர்க் கடை பெரும்பாலும் பில்கூடக் கொடுப்பதில்லை. வாய்வார்த்தை போதும் என்ற காலம் இருந்தது. மாதச் சம்பளம் வாங்கி, ஜி.பே.யில் பணம் அனுப்பும் இளையவர்களுக்கு அது போதவில்லை. என்ன பஞ்சு, எத்தனை கிலோ, எப்போது மறுபடி அடிக்க வேண்டும், அதற்கு அப்போது என்ன கூலி என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் அது கம்பெனி உத்தரவாதத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் மாவட்ட ஆணையத்துக்குப் போவதென்றாலும் கையில் அந்தக் காகிதம் வேண்டும். நேர்மையான கடைக்காரரைக் காப்பாற்றுவதும் அதே காகிதம்தான்.

கொசுவர்த்தியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள் என்பதையும் அதே பில்லில் அச்சிடலாம். இலவம் பஞ்சு தீப்பிடித்தால் அணைக்க நேரம் தராது.

வாடிக்கையாளர் யாரும் கேட்காத ஒன்று மீதமிருக்கிறது: பஞ்சு அடிக்கிறவரின் மூச்சு. மிஷின் ஓடும் அறையில் பத்து நிமிஷம் நின்றால் புருவத்தில் வெள்ளை படிகிறது. பருத்தித் தூசியால் வரும் நெஞ்சு இறுக்கமும் மூச்சிரைப்பும் மருத்துவம் நன்கறிந்த தொழில்நோய். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்வதுதான் இங்கே பாதுகாப்பு. நல்ல முகக்கவசமும் தூசியை வெளியே இழுக்கும் ஒரு விசிறியும் பெரிய செலவில்லை. ஆனால் அடிகூலி அந்தச் செலவைத் தாங்கும் அளவுக்கு இல்லை. அடிக்கிறவரின் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை. பக்கத்திலேயே ஷூ கம்பெனி இருக்கிறது, அங்கே பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, வாசலுக்கு பஸ் வருகிறது. அவர்கள் எடுத்த முடிவில் எந்தத் தவறும் இல்லை. பழைய மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் பஞ்சு தனக்கே திரும்ப வேண்டும் என்று வாசலில் உட்கார்ந்து காத்திருக்கும் பெண், அடிகூலியில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும்போது, மூன்று நான்கு வருஷம் கழித்து இந்த மெத்தையைப் பிரிக்க இங்கே யார் இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே பேசுகிறார். அந்தக் கூலி இப்போதிருப்பதைப் போல இரண்டு மடங்கானாலும் புது மெத்தையின் விலையில் சிறு பங்குதான்.